மலை விமானதளத்தில் சிறு விமானம்: காற்று மெலிந்தால் என்னென்ன மாறுகிறது?

2024 ஜூலை கடைசியில் லடாக்கின் லே நகருக்கான சில விமானங்கள் ரத்தாயின. சொல்லப்பட்ட காரணம் வெயில். குளிர்பாலைவனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊரில் வெயிலால் விமானம் நிற்குமா என்று பலரும் குழம்பினார்கள். நேபாள மலைகளில் ஒரு சிறு விமானம் விழும்போதும் இதே போலக் கேள்விகள் வரும்: விமானம் பழசா, விமானி சரியில்லையா, அப்படி ஒரு இடத்தில் ஏன் ஓடுபாதை போட்டார்கள்?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காற்றின் அடர்த்தி. அதைப் புரிந்துகொண்டால் மலை விமானதளங்களின் விதிகள், கெடுபிடிகள், தாமதங்கள் முக்கால்வாசி புரிந்துவிடும். உயரமான தளங்களில் நடந்த விபத்துகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. அங்கே உயிரைக் காப்பதில் பெரும்பங்கு, புறப்படுவதற்கு முன் தரையில் எடுக்கும் முடிவுகளுக்குத்தான்: எவ்வளவு எடை, எந்த நேரம், எந்தப் பக்கம் தப்பும் வழி. கைத்திறமை அதற்கு அப்புறம்தான்.

விமானத்துக்குத் தெரிந்த உயரம்

தளத்தின் பலகையில் எழுதியிருக்கும் உயரம் விமானத்துக்குத் தெரியாது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் தெரிவதெல்லாம் தங்களைச் சுற்றியுள்ள காற்று எவ்வளவு அடர்த்தி என்பதுதான். உயரம் கூடக் கூட அழுத்தம் குறைந்து காற்று மெலிகிறது. வெயில் ஏறினாலும் காற்று விரிந்து மெலிகிறது. இரண்டும் சேர்ந்தால் விளைவு பெரிது.

இதை ஒரே எண்ணில் சொல்ல விமானிகள் அடர்த்தி உயரம் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். இன்று இந்தத் தளத்தில் இருக்கும் காற்று, நிலையான வளிமண்டலத்தில் எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்பதே அது. நிலையான வளிமண்டலம் என்பது கணக்குக்காக உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு மாதிரி: கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், மேலே போகப்போக ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 2 டிகிரி குறைவு. அந்தந்த உயரத்துக்கு உரிய வெப்பநிலையைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடியைத் தளத்தின் உயரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஈரப்பதமும் கொஞ்சம் கூட்டும். இங்கே அதை விட்டுவிடலாம்.

லே விமான நிலையத்தின் உயரம் 10,682 அடி. அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி. ஒரு ஜூலை பிற்பகலில் அங்கே 33 டிகிரி அடித்தால் வித்தியாசம் 39 டிகிரி. 39-ஐ 120-ஆல் பெருக்கினால் 4,680. ஆக, ஓடுபாதையில் நிற்கும் விமானம் அனுபவிப்பது 15,000 அடிக்கும் மேலான காற்றை. ஊட்டி, கொடைக்கானல் போல ‘மலைமேல் இருக்கிறது, அதனால் குளிர்ச்சி’ என்று நாம் உணர்வது உடம்பின் கணக்கு. விமானத்துக்கு 33 டிகிரி என்பது அந்த உயரத்தில் மிகக் கடுமையான வெப்பம்.

பெரிய ஜெட் விமானங்களே பயணிகளைக் குறைத்தோ பயணத்தை நிறுத்தியோ சமாளிக்கும் இடத்தில், நான்கு இருக்கை கொண்ட ஒற்றை எஞ்சின் விமானத்தின் கதி என்ன? அதற்குப் பொருத்தமான இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது.

லெட்வில்: ஓடுபாதை போதும், வானம் போதாது

லெட்வில் என்ற பழைய சுரங்க நகரத்தின் விமானதளம் 9,934 அடி உயரத்தில் உள்ளது. வட அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள தளங்களில் அதுதான் மிக உயரமானது. அங்கே வந்து இறங்கும் விமானிகளுக்குச் சான்றிதழ் ஒன்று தருகிறார்கள். அதற்காகவே சமவெளியிலிருந்து பறந்து வருபவர்கள் உண்டு. ஹெலிகாப்டர் நிறுவனங்கள் தங்கள் புது இயந்திரங்களை உயரத்தில் சோதிக்க இங்கே கொண்டுவருவதும் இதே மெலிந்த காற்றுக்காகத்தான்.

ஜூலை மாதப் பகலில் 21 டிகிரி அங்கே சாதாரணம். அந்த உயரத்துக்குரிய வெப்பநிலையோ கிட்டத்தட்ட மைனஸ் 5. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அடர்த்தி உயரம் சுமார் 13,000 அடி வருகிறது. இந்தக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதனால் மூன்று இழப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன.

1. எஞ்சின் இழப்பு. சாதாரண பிஸ்டன் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றில்தான் எரிபொருளை எரிக்கிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறையும். தோராயமாக ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 சதவீதம். 180 குதிரைத்திறன் எஞ்சின் 13,000 அடி காற்றில் ஏறத்தாழ 110 குதிரைத்திறன்தான் தரும்.

2. புரொப்பல்லர் இழப்பு. அதுவும் சுழலும் ஒரு இறக்கைதான். பின்னே தள்ளக் கிடைக்கும் காற்று மெலிந்திருப்பதால் மிஞ்சிய சக்தியையும் முழுதாக உந்துவிசையாக மாற்ற முடியாது.

3. இறக்கை இழப்பு. அதே தூக்குவிசையைப் பெற விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். உந்துவிசை குறைந்த நேரத்தில் வேகம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய எஞ்சின் முதல் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும். மற்ற இரண்டையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ‘டர்போ இருக்கிறது, கவலையில்லை’ என்ற நம்பிக்கை அரை உண்மை, அதனாலேயே ஆபத்தானது.

இப்போது உலகின் மிகப் பரவலான சிறு விமானங்களில் ஒன்றான செஸ்னா 172எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். முழு எடை 1,157 கிலோ. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். அதன் உச்ச வரம்பு 14,000 அடி. அதாவது அங்கே அது நிமிடத்துக்கு 100 அடிதான் ஏறும். லெட்வில்லின் ஜூலைப் பகலில், சக்கரம் தரையில் இருக்கும்போதே அந்த விமானம் தன் உச்ச வரம்புக்கு 1,000 அடி கீழே நிற்கிறது. முழு எடையோடு கிளம்பினால் ஏறும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 150 அடி. அந்த ஒரு நிமிடத்தில் விமானம் முன்னே போகும் தூரம் 2.8 கிலோமீட்டர். இதில் கீழ்நோக்கி அழுத்தும் ஒரு சின்னக் காற்று வந்தாலும் 150 என்பது பூஜ்யமாகிவிடும்.

லெட்வில் ஓடுபாதையின் நீளம் 6,400 அடி. கடல்மட்டத்தில் இந்த விமானத்துக்கு ஓட 960 அடி போதும். லெட்வில்லில் அது இரண்டு மடங்குக்கு மேல் போனாலும் ஓடுபாதை மிச்சம் இருக்கும். புதிதாக வரும் விமானியை ஏமாற்றுவது இந்த நீளம்தான். தரையை விட்டு எழும்புவதில் பெரிய சிக்கல் இல்லை. எழும்பிய பிறகு ஏற முடியாமல் போவதுதான் சிக்கல். இன்னொன்றும் உண்டு: அந்த விமானத்தின் கையேட்டிலுள்ள புறப்பாட்டு அட்டவணை 8,000 அடியோடு முடிந்துவிடுகிறது. லெட்வில்லுக்குத் தயாரிப்பாளரே எண் தரவில்லை என்றால், அங்கே ஊகத்தில் முழு எடை ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

எழும்பியும் ஏறாத விமானம்

விமானம் தரைக்கு மிக அருகில், ஏறத்தாழ தன் இறக்கையின் நீள அளவுக்குள் பறக்கும்போது காற்றின் இழுவை குறைகிறது. இறக்கை நுனிகளில் சுழன்று வீணாகும் காற்றைத் தரை தடுத்துவிடுவதே காரணம். இதைத் தரை விளைவு என்பார்கள். இதனால் உண்மையில் பறக்கப் போதுமான சக்தி இல்லாத விமானம்கூடத் தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி எழும்பிவிடும்.

மெலிந்த காற்றில் இது பொறியாகிறது. சக்கரம் எழும்பிவிட்டது, விமானி மூக்கை இன்னும் உயர்த்துகிறார், தரை விளைவை விட்டு வெளியே வந்ததும் இழுவை திரும்பக் கூடுகிறது, வேகம் சரிகிறது. முன்னே மரங்கள் வருகின்றன. பதற்றத்தில் மூக்கை மேலும் உயர்த்தினால், இறக்கைமேல் காற்று ஓட்டம் பிரிந்து தூக்குவிசை சட்டென்று உடைகிறது. இதற்குப் பெயர் ஸ்டால். மீள உயரம் இல்லாத இடத்தில் அது நேர்ந்தால் முடிவு உறுதி. சரியான வழி உள்ளுணர்வுக்கு நேர்மாறானது: எழும்பியதும் மூக்கைத் தாழ்த்தி, தரைக்கு அருகிலேயே பறந்து, கையேடு சொல்லும் ஏறும் வேகம் வந்த பிறகே மேலேற வேண்டும்.

எஞ்சினுக்கும் ஒரு தயாரிப்பு தேவை. கடல்மட்டத்தில் புறப்படும்போது எரிபொருள் கலவையை முழுச் செறிவில் வைப்பது விமானியின் கைப்பழக்கம்; கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழ் முழுக்க உள்ளே. உயரத்தில் காற்று குறைவு, எரிபொருள் மட்டும் அதே அளவு வந்தால் எஞ்சின் புகைந்து திணறும். அதனால் ஓடுபாதை முனையில் பிரேக்கை மிதித்து, த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்கத் திறந்து, சிவப்புக் குமிழை மெல்ல மெல்ல வெளியே இழுக்க வேண்டும். எஞ்சின் சுழற்சி ஏறும், ஏறி ஒரு உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கும். இறங்கியதும் குமிழைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அங்கேயே விட வேண்டும். முப்பது விநாடி வேலை. ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழந்த எஞ்சின், இதைச் செய்யாததால் மேலும் சக்தி இழந்து ஓடினால் அது விமானியின் பிழை மட்டுமே.

வேகமானி சொல்வதும் தரை சொல்வதும்

சமவெளி விமானிகள் அதிகம் குழம்பும் இடம் இது. வேகமானி அளப்பது எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை. இறக்கைக்கு வேண்டியதும் அதே அழுத்தம்தான். ஆகவே கடல்மட்டத்தில் 65 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) இறங்க அணுகினால், லெட்வில்லிலும் வேகமானியில் 65 நாட்தான் வைக்க வேண்டும். ஆனால் 13,000 அடி காற்றில் ஊசி 65 காட்டும்போது விமானத்தின் உண்மை வேகம் ஏறக்குறைய 79 நாட்.

விமானிக்குத் தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடுவது கண்ணில் படும். ‘வேகம் அதிகம்’ என்று மனம் சொல்லும், கை த்ராட்டிலைக் குறைக்கும், ஊசி 55-க்கு இறங்கும். தரையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தவர் ஸ்டாலை நோக்கிப் போகிறார். ஊசியை நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

தரையிறங்கிய பிறகு கணக்கு மாறுகிறது. பிரேக் தடுத்து நிறுத்த வேண்டியது உண்மை வேகத்தை. வேகம் 22 சதவீதம் கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் அதன் இருமடிப்படி ஏறத்தாழ 50 சதவீதம் கூடும். ஓடும் தூரமும் அந்த அளவுக்கு நீளும்.

ஷையென், 1996

ஏப்ரல் 11, 1996. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து சாதனை படைக்கக் கிளம்பிய ஒரு செஸ்னா 177பி விமானம், வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரில் புறப்பட்ட சில நொடிகளில் விழுந்தது. அதில் 7 வயது ஜெசிகா டுப்ராஃப், அவள் தந்தை, விமானப் பயிற்றுநர் மூவரும் இறந்தார்கள். சிறுமி விமானம் ஓட்டலாமா என்ற விவாதம்தான் செய்திகளில் பெரிதாக ஓடியது. விசாரணை அறிக்கை சொன்ன காரணங்கள் வேறு மாதிரி: இடிமழை நெருங்கும்போது புறப்பட எடுத்த முடிவு, அனுமதித்ததைவிட அதிக எடை, பயிற்றுநர் பழகியிருந்ததைவிட அதிகமான அடர்த்தி உயரம், அதனால் வேகம் காக்க முடியாமல் வந்த ஸ்டால்.

பயிற்றுநர் பறந்து பழகியது கலிஃபோர்னியாக் கடற்கரைத் தளத்தில். ஷையென் வெறும் 6,150 அடி சொச்சம், அன்று குளிர்நாளும்கூட. அடர்த்தி உயரம் 7,000 அடியைக்கூடத் தொடவில்லை. பயங்கரமான மலைத்தளம் எதுவும் தேவைப்படவில்லை. கூடுதல் எடை, பழக்கமில்லாத காற்று, அட்டவணை பிசகிவிடும் என்ற அவசரம், இவை ஒன்றுசேர்ந்ததே போதுமாக இருந்தது. இந்த விபத்தை நான் இங்கே சேர்ப்பதும் அதனால்தான். உயரமான தளம் என்றவுடன் இமயமலையை மட்டும் நினைப்பவர்கள் 5,000, 6,000 அடித் தளங்களை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

லுக்லா: சரிவில் ஒரு ஓடுபாதை

எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகிறவர்களின் வாசல் நேபாளத்தின் லுக்லா. 1964-இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்த தளம். 2001-இல்தான் தார் போட்டார்கள். 2008-இல் டென்சிங்-ஹிலாரி விமான நிலையம் என்று பெயர் மாறியது. உயரம் 9,334 அடி, ஓடுபாதை நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர வித்தியாசம். மேல் முனைக்கு அப்பால் மலை. கீழ் முனைக்கு அப்பால் தூத் கோசி ஆற்றுப் பள்ளத்தாக்கு.

இங்கே வந்து போவது ட்வின் ஆட்டர், டார்னியர் 228, எல்-410 போன்ற, குறைந்த தூரத்தில் எழும்பி இறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானங்கள். இறங்குவது எப்போதும் மேடு நோக்கி, புறப்படுவது எப்போதும் பள்ளம் நோக்கி. சரிவு பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் இந்த நீளத்தில் தளமே சாத்தியமில்லை. 11.7 சதவீதச் சரிவில் ஈர்ப்புவிசை மட்டுமே ஒவ்வொரு விநாடிக்கும் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டும். புறப்படும் விமானத்துக்கு எஞ்சின் இழந்த சக்தியை மலை திருப்பித் தருகிறது. இறங்கும் விமானத்துக்கு அதே விசை பிரேக்காக வேலை செய்கிறது.

இதற்கு மூன்று விலைகள் உண்டு.

1. மறுமுயற்சி கிடையாது. மற்றத் தளங்களில் இறங்க அணுகும் விதம் சரியில்லையென்றால் த்ராட்டிலைத் திறந்து மேலேறிச் சுற்றி வரலாம். லுக்லாவில் நேர் முன்னே மலை. ஓடுபாதையை எட்டுவதற்கு வெகு முன்பே ஒரு புள்ளியில் முடிவெடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும்.

2. கண் ஏமாறும். மேடாக ஏறும் ஓடுபாதையைப் பார்க்கும் விமானிக்குத் தான் தேவைக்கு மேல் உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதைத் திருத்த அவர் தாழ்ந்தால், ஓடுபாதைக்கு முன்னேயே தரையைத் தொடும் ஆபத்து. சமதளத்தில் அப்படித் தொட்டால் புல்வெளி இருக்கும். இங்கே இருப்பது செங்குத்தான மலைச்சரிவு.

3. புறப்பாட்டைப் பாதியில் கைவிடுவது கடினம். வேகம் கூட்ட உதவிய அதே ஈர்ப்பு, பிரேக் பிடிக்கும்போது எதிராக நிற்கும்.

அக்டோபர் 8, 2008 அன்று ஒரு ட்வின் ஆட்டர் மூடுபனிக்கிடையே லுக்லாவில் இறங்க முயன்று ஓடுபாதைக்குச் சற்று முன்பு மோதியது. 19 பேரில் 18 பேர் இறந்தார்கள். தலைமை விமானி மட்டும் பிழைத்தார். மே 2017-இல் சரக்கு ஏற்றிவந்த எல்-410 ஒன்று ஓடுபாதையை எட்டாமலே விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். ஏப்ரல் 2019-இல் இன்னொரு எல்-410 புறப்படும்போது பாதையை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற ஹெலிகாப்டர்கள் மீது மோதியது; மூவர் இறந்தார்கள். பக்கவாட்டிலும் தவறுக்கு இடம் இல்லாத தளம் இது.

லுக்லாவுக்கு விமானம் ஓட்ட, குறுகிய ஓடுபாதைகளில் நீண்ட அனுபவமும், பயிற்றுநர் அருகில் இருக்க லுக்லாவிலேயே பல முறை இறங்கிய அனுபவமும் நேபாளத்தில் கட்டாயம். அது சரியான விதி. வேறெங்கும் ஆயிரம் முறை இறங்கியவருக்கும் இந்தச் சரிவு புதிதுதான்.

காலை விமானம் மட்டும் ஏன்?

லுக்லா, ஜோம்சொம் போன்ற தளங்களில் விடியலில் விமானங்கள் அடுத்தடுத்து வரும், நண்பகலுக்குள் அடங்கிவிடும். லேயிலும் பெரும்பாலான விமானங்கள் காலையில்தான். அடர்த்தி உயரம் காலையில் குறைவு என்பது ஒரு காரணம். காற்று இன்னொரு காரணம், பல தளங்களில் அதுவே பெரிய காரணம்.

சூரியன் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்று சூடாகி மேலேற, அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து காற்று மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. முற்பகலில் மெல்ல ஆரம்பித்து பிற்பகலில் உச்சம் தொடும். ஜோம்சொம் இருக்கும் காளி கண்டகி பள்ளத்தாக்கு அன்னபூர்ணாவுக்கும் தவுளகிரிக்கும் நடுவே உள்ள இடுக்கு. சமவெளிக் காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகத் திபெத் பக்கம் பாய்கிறது. பிற்பகலில் அங்கே நடப்பதே சிரமம், விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

லுக்லாவில் இந்தத் தென்மேற்குக் காற்று, மேடு நோக்கி இறங்கும் விமானத்துக்குப் பின்காற்றாகிறது. தரைவேகம் 80 நாட்டிலிருந்து 90 ஆனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். 527 மீட்டரில் அந்தக் கால் பங்குக்கு இடமில்லை. காற்றோடு மேலேறும் ஈரம் மேகமாகி, பள்ளத்தாக்கை நண்பகலுக்குள் மூடிவிடுவதும் உண்டு.

மேகம்தான் நேபாளத்தில் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது என்பது என் கணிப்பு. பொக்காராவிலிருந்து ஜோம்சொம் போன ட்வின் ஆட்டர் விமானங்கள் இரண்டு, 2016 பிப்ரவரியிலும் 2022 மே மாதத்திலும் மலையில் மோதின. முதலாவதில் 23 பேர், இரண்டாவதில் 22 பேர். இரண்டிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, விமானம் கட்டுப்பாட்டில் இருந்தது. கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டிய வழியில் மேகத்துக்குள் நுழைந்ததே விசாரணைகளில் தெரிந்த பொதுவான கண்ணி.

முகட்டைக் கடக்கும் பலத்த காற்று வேறொரு ஆபத்து. காற்று மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் கவிழ்ந்து விழும்; அந்த மறுபக்கத்தில் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் கீழ்நோக்கி இழுக்கும் காற்று அபூர்வமல்ல. நிமிடத்துக்கு 150 அடி ஏறும் விமானம் அதற்கு முன் என்ன செய்யும்? மலைமுகட்டில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் சிறு விமானத்தில் கிளம்ப வேண்டாம் என்பது அமெரிக்க மலைப் பயிற்றுநர்கள் பரவலாகச் சொல்லும் எல்லை. முகட்டை நெருங்கும்போதும் நேராகப் போகாமல் 45 டிகிரி சாய்வாகப் போகச் சொல்வார்கள். இழுவை தாங்காவிட்டால் சின்னத் திருப்பத்திலேயே தாழ்நிலம் நோக்கித் தப்பலாம்.

திரும்ப இடம் இருக்கிறதா?

விமானம் திரும்பும் வட்டத்தின் அளவு உண்மை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால், உண்மை வேகம் 90 நாட்டில் வட்டத்தின் விட்டம் சுமார் 760 மீட்டர். வேகமானி அதே 90 காட்ட 13,000 அடியில் பறந்தால் உண்மை வேகம் 110 நாட், விட்டம் 1,130 மீட்டர். கடல்மட்டத்தில் தாராளமாகத் திரும்பிய பள்ளத்தாக்கு அகலம் மலையில் போதாமல் போகும்.

அக்டோபர் 2, 1970 அன்று விசிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை ஏற்றிய ஒரு மார்ட்டின் 4-0-4 விமானம், கொலராடோவின் அழகான மலைவழியைக் காட்டவென்று ஒரு பள்ளத்தாக்கைப் பிடித்துப் போனது. அது சிறு விமானமல்ல. 40 பேர் இருந்தார்கள், எடையும் மிகுதி. பள்ளத்தாக்கின் தரை விமானம் ஏறுவதைவிட வேகமாக உயர்ந்துகொண்டே போனது. முன்னேயுள்ள கணவாயைத் தாண்ட உயரம் இல்லை, திரும்ப அகலமும் இல்லை. 31 பேர் இறந்தார்கள். எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை.

இதனால்தான் பள்ளத்தாக்கின் நடுவே பறக்காதே என்று பயிற்சியில் முதலிலேயே சொல்கிறார்கள். நடுவே பறந்தால் இரு பக்கமும் பாதி அகலம்தான் மிஞ்சும். ஒரு ஓரத்தை ஒட்டிப் பறந்தால் முழு அகலமும் திரும்பக் கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் நுழைவதும் மேல்முனையிலிருந்து தாழ்ந்த பக்கம் நோக்கி இருந்தால் நல்லது. லெட்வில்லில் புறப்படுகிறவருக்கு அர்க்கன்சா ஆறு இறங்கும் தெற்குத் திசை இருக்கிறது. ஏறாத விமானத்துக்குத் தாழ்ந்துபோகும் நிலமே உயரம் தரும்.

விமானியின் மூளை

மெலிந்த காற்று எஞ்சினுக்கு மட்டுமல்ல. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் போவது தீர்மானிக்கும் திறன். அது போனது போனவருக்கே தெரியாது, உற்சாகமாகக்கூட உணர்வார். 12,500 அடிக்கு மேல் அரைமணி நேரத்தைத் தாண்டினாலும், 14,000 அடிக்கு மேல் எந்நேரமும் விமானி ஆக்சிஜன் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. முந்தைய நாள் கடற்கரையிலிருந்து வந்தவர் அதற்குக் கீழேயே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புறப்படுமுன் போடும் கணக்கு

1. இன்றைய வெப்பநிலையில் அடர்த்தி உயரம் எவ்வளவு? காலையில் பார்த்த எண்ணை மதியத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

2. கையேட்டில் ஓடும் தூரத்தோடு நிறுத்தாமல், ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். அந்த எண்கள் புது விமானம், புது எஞ்சின், தேர்ந்த சோதனை விமானி கொடுத்தவை. நம் விமானத்துக்கு ஓடும் தூரத்தில் பாதி மடங்காவது கூட்டிக்கொள்வது நல்லது.

3. எண் போதவில்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் புறப்பாட்டுத் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறையும். முழு எடையிலுள்ள செஸ்னா 172எஸ்-இல் இரண்டு பேரை இறக்கினால் தூரம் கால் பங்கு குறைந்துவிடும், ஏறும் வேகமும் கூடும். எரிபொருளைக் குறைத்து ஏற்றி, அடுத்த தாழ்ந்த தளத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நண்பர்களை இரண்டு நடையாகக் கொண்டு போகலாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தரும் பாதுகாப்பு வேறில்லை.

4. கைவிடும் புள்ளியை ஓடுபாதையில் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். பரவலான விதி: பாதி ஓடுபாதைக்குள் கிளம்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49, பாதித் தூரத்தில் பாதி ஆற்றல் என்பதே இதன் பொருள். பாதியில் அது வராவிட்டால் மீதியிலும் வராது. த்ராட்டிலை மூடி நிறுத்திவிட வேண்டும். லுக்லா போன்ற சரிவில் இந்த விதி செல்லாது. அங்கே முடிவு பிரேக்கை விடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

5. ஏற முடியாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால் விடியும் வரை காத்திருப்பதுதான் வழி.

பயணிக்கு இதில் என்ன?

லுக்லா விமானங்களில் கைப்பை சேர்த்துச் சுமார் 15 கிலோதான் அனுமதிப்பார்கள். அந்த வரம்பைக் கெஞ்சியும் வாதாடியும் தளர்த்தப் பார்ப்பவர்கள் தங்களைத் தூக்க வேண்டிய இறக்கையிடம்தான் பேரம் பேசுகிறார்கள். மலையேற்றப் பருவத்தில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்புகின்றன. நள்ளிரவில் எழுந்து மலைச்சாலையில் சில மணிநேரம் போக வேண்டும். அத்தனை பாடுபட்டு வந்த பிறகு வானிலை சரியில்லை என்று நிறுத்தினால் கோபம் வருவது இயல்பு. சர்வதேச விமானத்தை மறுநாளே வைத்துக்கொண்டு வருபவர்தான் கவுண்டரில் அதிகம் சத்தம் போடுவார், அந்தச் சத்தம் விமானி வரை போய்ச் சேரும். திரும்பும் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் திட்டமிட்டால் அந்த நெருக்கடி யாருக்கும் வராது. லே போகிறவர்களும் ஜூலை, ஆகஸ்டில் காலையின் முதல் விமானத்தையே பதிவு செய்துகொள்ளலாம். வெயிலால் ரத்தாக வாய்ப்பு மிகக் குறைவானது அதுதான்.